பெயரைச் சொல்லிவிட்டு உதைப்பவர்கள்

அந்தக் குங்ஃபூ படங்களில் யாருக்கும் வேலை கிடையாது. எனக்கு முதலில் எரிச்சல் வந்தது அதில்தான். நடுப்பகலில் நாற்பது ஐம்பது தடிமாடுகள் ஒரு முற்றத்தில் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு யார் சோறு வடிக்கிறார்கள், அந்த வெள்ளை உடுப்பை யார் துவைக்கிறார்கள் என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். எதிர்த்தெருவில் இன்னொரு பள்ளி இருக்கும். அங்கேயும் அதே கூட்டம், கறுப்பு உடுப்பில். எது நல்ல பள்ளி, எது கெட்ட பள்ளி என்று குழம்ப வேண்டியதில்லை. கெட்ட பள்ளியின் குரு காரணமே இல்லாமல் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் இவற்றைத் தமிழ் பேசவைத்துப் போடுவார்கள். சீனத்துக் கிழவர் ‘எலேய்’ என்பார். அவருடைய சீடன் கோயமுத்தூர்க்காரன் மாதிரி பதில் சொல்வான். எனக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு வயர்க் கட்டு செய்கிற கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். ஆறு நாளும் எதிலே என்ன தப்பு இருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஏழாவது நாள் மீனை ஆய்ந்துகொண்டே இந்தப் படங்களில் தப்புப் பார்ப்பேன். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தை முழுசாக வைத்திருப்போம். வாயில் விசிலடித்தது போல ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் வரும். நிஜத்தில் அடி வாங்கினால் அப்படி ஒரு சத்தமும் வராது என்பது ஊரில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் தெரியும்.

தம்பி தரையில் தலையணையைப் போட்டுக் குப்புறப் படுத்துப் பார்ப்பான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஐ.டி.ஐ. முடித்து வெல்டிங் பழகி, சிப்காட்டிலேயே ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட்டில் இருந்தான். நெருப்புக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் குங்ஃபூ கிளாசுக்குப் போவான். களைப்பாக இல்லையா என்று கேட்டால், ‘மனசு தான்கா முக்கியம்’ என்பான். அந்த வசனமும் படத்தில் வந்ததுதான்.

கதை என்று பார்த்தால் ஒன்றுதான். இவன் பள்ளிக்கு அவன் வருவான். வாசலில் தொங்குகிற பெயர்ப் பலகையைக் கழற்றி முட்டியில் வைத்து இரண்டாக உடைப்பான். உடனே இந்தப் பள்ளியே அழுதுவிடும். ஒரு பலகை. ஆசாரியிடம் சொன்னால் இன்னொன்று செய்து தருவான். ஆனால் இவர்கள் அதற்காக மூன்று வருஷம் மலையில் போய்த் தண்ணீர் வாளி தூக்கித் திரும்பி வருவார்கள். இதில் இன்னொரு மரியாதையும் உண்டு. அடிப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, தன் பெயர், தன் பள்ளியின் பெயர், தன் குருவின் பெயர் மூன்றையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொல்லாமல் அடிப்பவன் கோழை. போலீஸ் இல்லாத நாட்டில் இந்த மரியாதையெல்லாம் செல்லும்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல ஆஸ்பத்திரி ஒன்று கிடையாது. குங்ஃபூ பள்ளி இரண்டு இருந்தன. தம்பியின் மாஸ்டர் பகலில் ஒரு மில்லில் சேஃப்டி சூப்பர்வைசர். தலையில் ஹெல்மெட் போடாதவனைப் பார்த்து விசில் ஊதுவது வேலை. சாயங்காலம் மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குப் பின்னால் காலி மனையில் கிளாஸ் எடுப்பார். தொப்பையைப் பெல்ட்டுக்கு மேலே விடுவதா கீழே விடுவதா என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. எதிர்ப் பள்ளியின் மாஸ்டர் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவருக்குக் கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துகிற இடம்தான் பள்ளி. முகூர்த்த நாளில் லீவு.

இருவரும் ஒரே ஆளிடம் கற்றவர்கள். ‘சாகப்போகும்போது எங்க குரு எனக்கு மட்டும்தான் அந்த ரகசிய அடியக் குடுத்தாரு’ என்று இவரும் சொல்வார், அவரும் சொல்வார். குரு சாகவில்லை, மாதவரத்தில் வாட்டர் கேன் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. ரகசிய அடியை இருவரும் ஒரே சி.டி.யைப் பார்த்துத்தான் பழகியிருக்க வேண்டும். ஏனென்றால் இருவரும் ஒரே இடத்தில் தப்பு செய்தார்கள். இதையெல்லாம் தம்பியிடம் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கு மாஸ்டர் தெய்வம். வெள்ளை உடுப்பின் முதுகில் டிராகன் படம், அதன் கீழே பள்ளியின் பெயர், அதற்கும் கீழே மாஸ்டரின் செல் நம்பர். தண்ணி லாரியில்கூட அவ்வளவு பெரிதாக நம்பர் எழுத மாட்டார்கள்.

அந்த வருஷம்தான் தம்பிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குள் வேலை செய்கிற ஒரு கம்பெனியில் பெர்மனன்ட் வெல்டருக்கு எடுத்தார்கள். வெல்டிங் டெஸ்டில் தேறிவிட்டான். மெடிக்கலும் முடிந்தது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. துறைமுகத்துக்குள் போக பாஸ் வேண்டும், பாஸுக்குப் போலீஸ் விசாரித்து ‘ஆள் நல்லவன்’ என்று எழுத வேண்டும். அதுவும் வந்துவிட்டால் கான்ட்ராக்டரின் மேஸ்திரி காலையில் ‘இன்னிக்கி வேலை இல்ல, போ’ என்று சொல்கிற பிழைப்பு முடிந்தது. அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் யாருக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. அவனுக்காக ஃபாரம் எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து பிழையில்லாமல் எழுதினேன். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எப்போதும் என்னுடையது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெராக்ஸ் கடை மாஸ்டர் புது ஃப்ளெக்ஸ் வைத்தார். ‘மாவட்டத்தின் ஒரே அசல் குங்ஃபூ பள்ளி’ என்று போட்டிருந்தார். அந்த ‘ஒரே அசல்’ தான் வினை. எங்கள் பக்கத்தில் எந்த ஃப்ளெக்ஸும் தனியாக நிற்காது. காது குத்தலாக இருந்தாலும் அதில் ஒரு அரசியல்வாதியின் படம் வேண்டும், இல்லையென்றால் மறுநாள் யாராவது வந்து கழற்றிவிடுவார்கள். அதனால் இந்த ஃப்ளெக்ஸிலும் ஒன்றியத்தில் பதவியில் இருந்த ஒருவரின் முகம் முக்கால் பங்கு இடத்தில் சிரித்தது. மாஸ்டர் ஒரு மூலையில் தபால்தலை அளவில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் கிளாசில் தம்பியின் மாஸ்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ‘இதே படமா இருந்தா இன்னா பண்ணுவானுங்க?’ என்று மட்டும் கேட்டாராம். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் பெரிய ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரே கறிக்கடையில் நிற்கிற நேரத்தில், தம்பியோடு சேர்த்து ஐந்து பேர் இரண்டு வண்டியில் அந்த ஃப்ளெக்ஸைத் தேடிப் போயிருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் போகிறவன்கூட லுங்கி கட்டிக்கொண்டு போவான். இவர்கள் துவைத்து இஸ்திரி போட்ட பள்ளி உடுப்பில், முதுகில் செல் நம்பரோடு போனார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் செல்லை நீட்டி, ‘யக்கா, இது உன் தம்பிதான?’ என்றாள். எவனோ ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். எதிரி எடுத்த வீடியோ இல்லை. இவர்களே எடுத்து, இவர்களே மேளம் சேர்த்து, இவர்களே போட்டது.

பஸ் சிப்காட் கேட்டுக்குள் திரும்புகிற வரை அதை மூன்று முறை பார்த்தேன். தம்பி ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நிற்கிறான். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிறான். தன் பெயரைச் சொல்கிறான். அப்பா பெயரையும் சேர்த்துக்கொள்கிறான். பள்ளியின் பெயர், மாஸ்டரின் பெயர், எல்லாம் கணீரென்று. பிறகு நாலு அடி பின்னால் போய், ஓடி வந்து பறக்கிறான். படத்தில் என்றால் பலகை இரண்டாகப் பிளக்கும். ஃப்ளெக்ஸ் பிளக்காது. அவனுடைய கால் அந்த அரசியல்வாதியின் கன்னத்தைக் கிழித்து உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு நின்றவனை மற்ற நாலு பேரும் இழுக்க, சவுக்குக் கட்டையோடு எல்லாம் சரிந்தது. பஸ்ஸில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், பாஸ் ஒன்று பாக்கி இல்லாமல் இருந்திருந்தால்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஜெராக்ஸ் கடை மாஸ்டர் மனு கொடுத்துவிட்டார். தன் பலகை போனதைப் பற்றி ஒரு வரி, தலைவர் படத்தை அவமதித்தது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாராம். அவர்களுடைய பள்ளியில் அதுதான் ரகசிய அடி போலிருக்கிறது.

நான் அரை நாள் லீவு போட்டுத் தம்பியின் மாஸ்டரைத் தேடிப் போனேன். செல் அணைந்திருந்தது. முதுகில் எழுதி ஊரெல்லாம் சுமந்த நம்பர், அன்றைக்குப் பார்த்து எடுக்கவில்லை. மில் கேட்டில் நின்று பிடித்தேன். கழுத்தில் விசிலோடு வந்தார்.

‘மாஸ்டர், நீங்க வந்து சொன்னா பிரச்சன முடிஞ்சிடும். அவனுக்கு பாஸ் வர்ற நேரம்’ என்றேன்.

‘சிஸ்டர், நான் போய் ஒடைடான்னு சொன்னனா? அவன கேளுங்க’ என்றார்.

‘படமா இருந்தா இன்னா பண்ணுவானுங்கன்னு கேட்டீங்களாமே.’

‘கேட்டன். அது ஜெனரல் நாலெட்ஜ் சிஸ்டர்.’

அந்தப் படங்களில் குரு சீடனுக்காக மார்பில் அடி வாங்கி, ரத்தம் கக்கி, அப்போதும் இரண்டு நிமிஷம் பேசிவிட்டுத்தான் சாவார். எங்கள் குரு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார். கேட்டில் நின்ற செக்யூரிட்டி என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்.

மற்ற நாலு பேரையும் தேடினேன். ஒருத்தனும் ஊரில் இல்லை. ஒருவன் தடாவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு பேர் சூளூர்பேட்டை. நாலாமவன் எங்கே என்று அவன் அம்மாவுக்கே தெரியாதாம், அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. ஆந்திரா பார்டர் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊர் வீரர்களுக்கு ஒரு வசதி. தப்பு செய்தால் அரை மணி நேரத்தில் வேறு மாநிலம். நான் அவர்களுடைய அம்மாக்களிடம் வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன்: ‘எங்க ஊட்ல அப்டி ஓடி ஒளியற வழக்கம் இல்ல.’ அதைச் சொன்னபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது.

தம்பியைக் கிளப்பினேன். அவன் ஸ்டேஷனுக்கு வர மறுக்கவில்லை. ‘வரேன். அடிச்சாலும் வாங்கிக்கறேன். ஆனா மன்னிப்புனு எழுதிக் குடுக்க மாட்டேன்கா’ என்றான்.

‘ஏன்டா?’

‘எழுதிட்டா மாஸ்டர நாமளே தப்புனு சொல்ற மாதிரி ஆயிடும்.’

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஆள் உன்னைத் தெரியாது என்று கை விரித்துவிட்டான், நீ இன்னும் சினிமா ஓட்டிக்கொண்டு இருக்கிறாய் என்று கத்தினேன். உன்னைப் போல ஒரு முட்டாளை இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்றேன். அம்மாவின் காதில்கூட விழுந்துவிட்டது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு நல்ல மனுஷன். வீடியோவைப் பார்த்து அவரும் சிரித்திருக்கிறார். ‘இந்தாம்மா, இதுக்கெல்லாம் கேஸு எதுக்கு? பையன் வேலைக்கிப் போறவன்றீங்க. இனிமே பண்ண மாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஃபைல்ல கெடக்கும். மனுவ முடிச்சிடலாம்’ என்றார்.

தம்பி சுவரைப் பார்த்து நின்றான். நான்தான் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஏட்டு நாலு வரி சொன்னார். எனக்கு நாலு வரி போதவில்லை. என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், பத்தாம் வகுப்பிலேயே அதற்குப் பரிசு வாங்கினவள். மேற்படி பலகையை நானே முன்னின்று உடைத்தேன், மேற்படி தலைவர் படத்துக்கு அவமரியாதை ஏற்பட நானே காரணம், என் செயலுக்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். முழுசாக ஒத்துக்கொண்டால்தான் நம்புவார்கள், ஒளித்துப் பேசுவது மற்ற நாலு பேருடைய புத்தி என்று எனக்கு எண்ணம். கையெழுத்துப் போடுடா என்றேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போட்டான்.

பத்து நாள் கழித்து அந்த அரசியல்வாதிக்குப் பிறந்தநாள் வந்தது. மண்டபத்து மேடையில் இரண்டு பள்ளியும் சேர்ந்து குங்ஃபூ காட்டின. சேஃப்டி மாஸ்டரும் ஜெராக்ஸ் மாஸ்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு சால்வை. வாசலில் புது ஃப்ளெக்ஸ், இந்த முறை மூலைக்கு ஒருவராக இருவரும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ அந்தத் தலைவரிடம் கிழிந்த ஃப்ளெக்ஸ் கதையைச் சொல்ல, ‘எந்த போர்டு?’ என்று கேட்டாராம். அவருடைய முகம் ரோடெல்லாம் தொங்குகிறது, ஒன்று குறைந்தது அவருக்கு எப்படித் தெரியும். ஸ்டேட்டஸ் தானாகவே அழிந்துவிட்டிருந்தது. தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் போனவர்கள் திரும்பி வந்து மேடையில் செங்கல் உடைத்தார்கள். சுலபமாக உடையட்டும் என்று முன்னாலேயே செங்கல்லை வெயிலில் காயவைத்ததை நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து தம்பிக்கு போன் வந்தது. போலீஸ் ரிப்போர்ட் சரியில்லை, பாஸ் வராது, சர்டிபிகேட் எல்லாம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

நான் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ஏட்டு. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஃபைலை எடுத்துத் திறந்து காட்டினார். மேலேயே இருந்தது என் லெட்டர்.

‘கேஸு இல்லம்மா. நான் ஒண்ணும் மாத்தி எழுதல. பாஸுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரன் ஃபைலப் பாத்தான். முழுப் பொறுப்பு ஏக்கறேன்னு பளிச்சுனு எழுதியிருக்குது. அவன் இன்னா பண்ணுவான்? இருந்தத எழுதிட்டான்.’

‘கூட நாலு பேர் போனாங்களே சார்.’

‘அவங்க வரவே இல்லியேம்மா. அவங்க மேல ஒரு பேப்பரும் இல்ல.’

அந்த நாலு பேரில் ஒருவனும் அதே வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். தடாவில் சித்தி வீட்டில் ஒரு வாரம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு பாஸ் வந்துவிட்டது. இன்றைக்கும் காலையில் அவனை ஏற்றிப்போகிற வண்டி எங்கள் தெரு முனையில்தான் நிற்கிறது.

இந்த ஊரில் எனக்கு எல்லாரையும் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. இரண்டு மாஸ்டர்களையும் துச்சமாகத்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஓடிப்போன நாலு பேரையும் நாய்கூட மதிக்காது என்று சொன்னேன். தம்பியை முட்டாள் என்றேன். முட்டாள்தான். ஆனால் எழுதிக் கொடுக்காதே என்று அன்றைக்குச் சொன்னவன் அவன் ஒருவன்தான். தப்பான காரணத்துக்காகச் சொன்னான், சரியாகச் சொன்னான். சரியான காரணங்களை எல்லாம் அடுக்கி, அவனைப் பிடித்து இழுத்துப் போய், அவனுடைய வேலையில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான். அவன் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. ‘நீ நல்லதுக்குத்தான்கா சொன்ன’ என்றான் ஒரு தடவை. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன மாதம் சோழவரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஃபாரம் கொண்டுவந்தான். வழக்கம் போல என்னிடம் நீட்டினான். பெயர், விலாசம், படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் மீது காவல்துறையில் எப்போதாவது ஏதேனும் புகார் இருந்ததா? பேனா அங்கேயே நின்றுவிட்டது.

‘இதுக்கு இன்னா எழுதறதுக்கா?’ என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. பேனாவை அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் கேள்வியை இன்னொரு முறை படித்தான். பிறகு, கோழி கிறுக்கினது போன்ற அவனுடைய எழுத்தில், ‘இல்லை’ என்று எழுதினான். சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.